பச்சை மூஞ்சிக்கு வாரச் சம்பளம்: மார்கரெட் ஹாமில்டன் கேஸ், முழுசா

படம் ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. அதுல நடிகை மார்கரெட் ஹாமில்டன், இந்தம்மா, ஸ்க்ரீன்ல வர்றது கூட்டிக் கழிச்சுப் பாத்தா ஒரு 12 நிமிஷம்தான் தேறும். அந்த 12 நிமிஷத்துக்கு 2003ல அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் போட்ட ஹாலிவுட் வில்லன்கள் லிஸ்ட்ல நாலாவது இடம். முன்னாடி நின்னது ஹானிபல் லெக்டர், நார்மன் பேட்ஸ், டார்த் வேடர், மூணும் ஆம்பளை கேரக்டர். அதனால பொம்பளை வில்லிகள்ல இந்த பச்சை மூஞ்சி சூனியக்காரிதான் மொத ஆளு.

படம் 1939ல வந்த த விசார்ட் ஆஃப் ஆஸ். கதை தெரியாதவங்களுக்கு ரெண்டு வரில சொல்லிடறேன். கான்சாஸ்ல இருக்கிற டோரதிங்கற பொண்ணை சூறாவளி வீட்டோட தூக்கிட்டுப் போய் ஒரு மாய ஊர்ல போடுது, வீடு போய் விழுந்தது ஒரு சூனியக்காரி மேல, அவ காலி, அவ கால்ல இருந்த சிவப்புச் செருப்பு டோரதிகிட்ட வந்துருது. செத்தவளோட தங்கச்சியோ அக்காவோ, மேற்குத் திசை சூனியக்காரி, அந்த சிவப்புச் செருப்பு எனக்கு வேணும்னு படம் பூரா பொண்ணைத் துரத்தறா. அந்த துரத்தறவதான் நம்ம கேஸ்.

இதை நான் நடிகை வாழ்க்கை வரலாறா எழுத வரல. ஒரு தொழிலாளி கேஸாதான் பாக்கறேன். ஏன்னா இந்தம்மா ஸ்டார் கிடையாது, நம்ம பாஷைல சொன்னா கேரக்டர் ஆர்ட்டிஸ்ட், வீட்டு வேலைக்காரி, பக்கத்து வீட்டு வம்புக்காரி, கல்யாணம் ஆகாத அத்தைன்னு வந்துட்டுப் போற ஆளு. அப்படிப்பட்ட ஒருத்தருக்கு வேலை செய்யற எடத்துல தீப்பிடிச்சா என்ன ஆகும், யாரு என்ன கேக்க முடியும், கேக்காம விட்டதுக்கு என்ன கணக்குங்கறதுதான் விஷயம்.

பொறந்தது 1902 டிசம்பர் 9, ஓஹையோ மாநிலம் கிளீவ்லாண்ட்ல. அப்பா வக்கீல், நாலு புள்ளைங்கள்ல இவங்க கடைசி. ஸ்கூல் படிக்கும்போதே நாடக ஆசை. வீட்டுல வேணாம்னு சொல்லல, ஆனா மொதல்ல கையில ஒரு தொழிலை வச்சுக்கோ அப்புறம் நாடகம் கீடகம் எல்லாம் பாத்துக்கலாம்னுட்டாங்க. நம்ம வீடுகள்ல எஞ்சினியரிங் முடி அப்புறம் சினிமாவுக்குப் போங்கறாங்களே அதே கேசட்டு. பாஸ்டன்ல வீலாக் டீச்சர் ட்ரெய்னிங் ஸ்கூல்ல சேத்துவிட, கிண்டர்கார்டன் டீச்சரா வெளிய வந்தாங்க. கிளீவ்லாண்ட்லயும் நியூயார்க் மாநிலத்துல ரை ங்கற ஊர்லயும் சின்னப் பசங்களுக்குப் பாடம் எடுத்தாங்க. உலகத்துல பாதி கொழந்தைங்களை பயமுறுத்தப் போற ஆளு ஆரம்பிச்சது அ ஆ சொல்லிக் குடுத்து. இது கேஸ்ல பின்னாடி திரும்ப வரும், மனசுல வச்சுக்கோங்க.

டீச்சர் வேலையோட கிளீவ்லாண்ட் பிளே ஹவுஸ்ங்கற நாடகக் குழுவுலயும் நடிச்சுட்டு இருந்தாங்க. 1932ல நியூயார்க்கோட பெரிய நாடக மேடையான பிராட்வேல ஒரு குடும்ப நாடகத்துல வேஷம் கிடைச்சுது, அந்த நாடகத்தையே எம்ஜிஎம்ங்கற ஹாலிவுட் ஸ்டூடியோ வாங்கி 1933ல படமா எடுத்தப்ப இவங்களையும் கூட்டிட்டுப் போனாங்க. அப்படித்தான் ஹாலிவுட். அப்ப வயசு 30. நீளமான மூக்கு, கூரான தாடை, ஹீரோயின் மூஞ்சி இல்லைன்னு அவங்களுக்கே தெரியும், அதைப் பத்தி அழுதுட்டும் இருக்கல. இந்த மூஞ்சிக்கு என்ன வேஷம் வருமோ அதை நல்லா பண்ணலாம்னு எறங்கிட்டாங்க.

இனிமே சம்பளக் கதை, எனக்கு இந்த கேஸ்ல ரொம்பப் புடிச்ச எடம் இதுதான். அப்ப ஹாலிவுட்ல பெரிய நடிகர்கள் எல்லாம் ஸ்டூடியோவோட ஏழு வருஷ காண்ட்ராக்ட்ல இருப்பாங்க. வாரச் சம்பளம், வருஷத்துல 40 வாரம் போல காசு வரும், மிச்ச வாரம் சம்பளம் இல்லாம உக்கார வைப்பாங்க, குடுக்கற வேஷத்தை மாட்டேன்னு சொன்னா சஸ்பெண்ட். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி, ஆனா தீவனம் உறுதி. ஹாமில்டன் அந்தக் கயித்துக்குள்ள போகவே இல்ல. எந்த ஸ்டூடியோவோடயும் காண்ட்ராக்ட் கிடையாது, ரேட்டு வாரத்துக்கு 1000 டாலர், யாரு கூப்பிட்டாலும் வருவேன், வேலை முடிஞ்சா போயிருவேன். 1000 டாலர்னா அந்தக் காலத்துல பெரிய காசு, ஆனா ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்குத் தெரியும், அது வருஷத்துக்கு 52 வாரம் வராது. இங்க மூணு நாள், அங்க ஒரு வாரம், நடுவுல ரெண்டு மாசம் போனையே பாத்துட்டு உக்காரணும்.

அதுல குடும்பச் சுமை வேற. 1931ல கல்யாணம், ஒரு பையன், 1938ல விவாகரத்து. பையன் இவங்ககிட்ட. ஒத்தைச் சம்பளத்துல புள்ள வளக்கற அம்மா, அடுத்த வாரம் வேலை இருக்குமான்னு தெரியாது. இந்த நெலைமைலதான் 1938 இலையுதிர் காலத்துல ஏஜென்ட் போன் பண்றார், எம்ஜிஎம்ல ஆஸ் படத்துக்கு உங்களைக் கேக்கறாங்கன்னு. சின்ன வயசுலேருந்து அந்தக் கதைப் புத்தகங்கள்னா இவங்களுக்கு உசுரு. சந்தோஷத்துல எந்த வேஷம்னு கேட்டாங்களாம். சூனியக்காரி, வேற என்னவாம்னு அந்தாளு பதில். இதை அவங்களே பல பேட்டில சிரிச்சுக்கிட்டே சொல்லிருக்காங்க.

உண்மைல அந்த வேஷம் இவங்களுக்குன்னு வச்சிருந்ததே இல்ல. மொதல்ல கேல் சாண்டர்கார்டுங்கற நடிகையைப் போட்டிருந்தாங்க, அழகான சூனியக்காரியா, ஜிகினா வச்ச கருப்பு டிரஸ்ல, 1937ல வந்த டிஸ்னியோட ஸ்னோ ஒயிட் படத்து ராணி மாதிரி ஒரு ஐடியா. அப்புறம் இல்ல இல்ல சூனியக்காரின்னா அசிங்கமாத்தான் இருக்கணும்னு முடிவு மாறுச்சு, அந்தம்மா அசிங்க மேக்கப்ல டெஸ்ட் பாத்துட்டு ஆளை விடுங்கன்னு வெலகிட்டாங்க. ஷூட்டிங் தொடங்கறதுக்கு சில நாள் முன்னாடிதான் ஹாமில்டன் உள்ள வர்றாங்க. ஒருத்தருக்கு வேணாம்னு தோணின மூஞ்சி இன்னொருத்தருக்குச் சோறு, கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் பொழைப்பே அப்படித்தான்.

இத்தனை வாரத்துக்கு வேலை குடுத்தே ஆகணும்னு உத்தரவாதம் கேட்டு பேரம் பேசித்தான் கையெழுத்து போட்டாங்க, கடைசில அது மாசக்கணக்கா இழுத்துச்சு, 1938 அக்டோபர்லேருந்து 1939 மார்ச் வரைக்கும் ஷூட்டிங் நடந்துச்சு. சம்பளத்தை ஒப்பிட்டுப் பாத்தா தமாஷா இருக்கும். ஹீரோயின் ஜூடி கார்லண்டுக்கு வாரம் 500. சூனியக்காரிக்கு 1000. டோரதி கூடவே போற சோளக்கொல்லை பொம்மை, தகர மனுசனா வந்த ரே போல்ஜர், ஜாக் ஹேலிக்கு வாரம் 3000. டோரதியோட நாய் டோட்டோவா நடிச்ச நாய்க்கு 125, அந்த ஊர் குட்டி மனுசங்களா நடிச்சவங்களுக்கு ஆளுக்கு 50, ஆமா, நாயை விடக் கம்மி. ஜூடியை விட ஹாமில்டனுக்கு ரெண்டு மடங்கான்னு வாயைப் பொளக்க வேணாம், ஜூடி காண்ட்ராக்ட்ல இருக்கற 16 வயசுப் பொண்ணு, காசு தொடர்ந்து வந்துட்டே இருக்கும். ஹாமில்டனுக்கு படம் முடிஞ்ச அன்னிக்கு மீட்டர் நின்னுரும்.

அந்த பச்சைக் கலர்

புத்தகத்துல சூனியக்காரி பச்சையே கிடையாது. 1900ல எல். ஃபிராங்க் பாம்ங்கற எழுத்தாளர் எழுதின மூலக் கதைல அவளுக்கு ஒத்தைக் கண்ணு, கைல குடை, அவ்ளோதான். பச்சை வந்தது டெக்னிக்கலர் வந்ததால. கலர் படம்னு காசைக் கொட்டி எடுக்கறோம், கலரு கண்ணுல அடிக்கணும்ல, அதான் புத்தகத்துல வெள்ளியா இருந்த செருப்பு சிவப்பாச்சு, சூனியக்காரி பச்சை ஆனா. அந்த பச்சை மேக்கப்ல செம்பு கலந்திருந்துச்சு. உள்ள போனா விஷம். அதனால மேக்கப் போட்டுட்டா கையால எடுத்துச் சாப்பிட முடியாது, ஸ்ட்ரா வச்சு உறிஞ்சறதுதான் பெரும்பாலும். டெக்னிக்கலர் கேமராவுக்கு வெளிச்சம் எக்கச்சக்கமா வேணும்ங்கறதால செட்டுல சூடு 38 டிகிரி தாண்டும், அதுல கருப்பு கவுனு, தொப்பி, ஒட்டு மூக்கு, ஒட்டுத் தாடை. படம் முடிஞ்சு ரொம்ப நாள் வரைக்கும் தோல்ல பச்சை போகலயாம்.

இதே படத்துல இன்னொரு மேக்கப் கேஸ் உண்டு. தகர மனுசனா மொதல்ல நடிச்சது பட்டி எப்சன். அவருக்கு அலுமினியப் பொடியைத் தூவினாங்க, சில நாள்ல நுரையீரல்ல போய் மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரில படுத்துட்டார். அவருக்குப் பதிலா ஜாக் ஹேலியைக் கொண்டுவந்து இந்தத் தடவை பொடிக்குப் பதிலா பேஸ்ட்டா கொழைச்சுப் பூசினாங்க. தப்பு என்னன்னு புரிஞ்சு மாத்திட்டாங்கன்னு வைங்க, ஆனா ஒருத்தர் நுரையீரலைக் குடுத்துதான் அதைக் கத்துக்கிட்டாங்க.

இன்னொரு சின்ன விஷயம், சின்னதுன்னாலும் எனக்கு மறக்க மாட்டேங்குது. நல்ல தேவதையா நடிச்ச பில்லி பர்க்குக்கு ரோஸும் நீலமுமா அலங்காரம் பண்ணின டிரஸ்ஸிங் ரூம். ஹாமில்டனுக்கு ஒரு கேன்வாஸ் கூடாரம், உள்ள ஒரு பழைய கம்பளம், மடக்கு டேபிள், நாற்காலி. பில்லி பர்க் வராத நாள்ல இவங்க அந்த ரூமுக்குள்ள போய் உக்காந்து மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு வருவாங்களாம். கோவமா சொல்லல, ஜாலியாத்தான் சொல்லிருக்காங்க. ஆனா மேக்கப் மூஞ்சியோட ஒருத்தர் அடுத்தவங்க ரூம்ல ஓரமா உக்காந்து ஸ்ட்ரால உறிஞ்சற காட்சியை நெனச்சுப் பாருங்க, எந்த ஷாட்டை விடவும் அதான் எனக்கு கண்ணுல நிக்குது.

டிசம்பர் 23

சரி, கேஸோட மையத்துக்கு வருவோம். குட்டி மனுசங்க ஊர் செட்டு. சூனியக்காரி வந்து மெரட்டிட்டு, சிரிச்சுட்டு, புகையோட மாயமா மறையணும். எப்படி எடுக்கறாங்கன்னா, தரைல ஒரு சதுரமான பொறிக்கதவு, அதுக்குக் கீழ சின்ன லிஃப்ட். ஹாமில்டன் பின்னாடியே நடந்து சரியா அந்த எடத்துல வந்து நிக்கணும், சிவப்புப் புகை கெளம்பும், புகை மறைக்கும்போது லிஃப்ட் கீழ எறங்கும், முழங்கையை ஒடம்போட ஒட்டி வச்சுக்கணும் இல்லன்னா தரை விளிம்புல இடிக்கும், ஆளு கீழ போனதுக்கு அப்புறம் மேல நெருப்பு குப்புனு வரும். வரிசை அதுதான், புகை, ஆளு எறங்கறது, நெருப்பு.

மொத டேக் நல்லாவே வந்துச்சு. புகை மட்டும் கொஞ்சம் முந்திருச்சு, அவங்க அந்த எடத்துக்கு வர்றதுக்குள்ள. இன்னொண்ணு எடுத்து வச்சுக்கலாம்னு திரும்பத் திரும்ப முயற்சி. டைரக்டர் விக்டர் ஃபிளெமிங், வேலைல கறார் ஆளுன்னு பேர் எடுத்தவர். ஒரு டேக்ல லிஃப்ட் எறங்கறதுக்கு முன்னாடியே நெருப்பு வந்துருச்சு. தொப்பி விளிம்பும் கைல இருந்த தொடப்பமும் பத்திக்கிச்சு. தொடப்பம் வைக்கோல்ல பண்ணினது, கேக்கவா வேணும். மூஞ்சில ரெண்டாம் டிகிரி தீக்காயம், வலது கைல மூணாம் டிகிரி.

கொடுமை அதோட முடியல. மூஞ்சில இருந்தது செம்பு கலந்த பச்சை. வெந்த தோல்ல அதை அப்படியே விட்டா விஷம் உள்ள எறங்கும். அதனால அங்கயே, அப்பவே, ஆல்கஹால் வச்சு தொடைச்சு எடுத்தாங்க. தோல் உரிஞ்ச எடத்துல ஆல்கஹால். இதுக்கு மேல நான் வர்ணிக்க வேணாம். கவனிச்சுப் பாத்தா இந்த கேஸ்ல ரெண்டு தனித்தனி ஆபத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. நெருப்பு தனியா இருந்திருந்தா தீக்காயம் மட்டும். மேக்கப் தனியா இருந்திருந்தா சாப்பாட்டுத் தொல்லை மட்டும். மேக்கப் ரூம்ல இருக்கற ஆளுக்கு நெருப்பு ஷாட் அவன் பிரச்சனை இல்ல, நெருப்பு கொளுத்தற ஆளுக்கு மூஞ்சில என்ன பூசிருக்குன்னு அவன் கவலை இல்ல. ரெண்டும் சந்திக்கற ஒரே எடம் அந்தம்மாவோட மூஞ்சிதான்.

இன்னிக்கு படத்துல நாம பாக்கறது அந்த மொத டேக். புகை முந்தி வர்றது அப்படியே தெரியும், வேணும்னா நிறுத்தி நிறுத்திப் பாருங்க. அதாவது கைல நல்ல டேக் இருந்தும் தேவையில்லாம எடுத்த ஒரு டேக்ல பட்ட அடி இது.

ஆறு வாரம் வீட்டுல. கேஸ் போட்டாங்களா? போடல. ஏன்னு அவங்களே பின்னாடி சொன்னதோட சாரம் இதுதான்: இந்தத் தொழில் எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியும், கேஸ் போட்டா அப்புறம் வேலையே கிடைக்காது, திரும்பி வர்றேன் ஆனா இனிமே நெருப்பு வேலை மட்டும் கிடையாது. கோழைத்தனம்னு இதை யாராச்சும் சொன்னா எனக்கு கோவம் வரும். நடிகர் சங்கம் 1933லதான் ஆரம்பிச்சாங்க, தயாரிப்பாளர்கள் அதை ஒத்துக்கிட்டு ஒப்பந்தம் போட்டதே 1937ல, இந்த விபத்துக்கு ஒண்ணரை வருஷம் முன்னாடி. இந்தப் பக்கம் காண்ட்ராக்ட் இல்லாத ஒரு ஃப்ரீலான்ஸ் அம்மா, அந்தப் பக்கம் அன்னிக்கு ஹாலிவுட்லயே பெரிய ஸ்டூடியோ. ஏழெட்டு ஸ்டூடியோவுல மாத்தி மாத்தி வேலை கேக்கற ஆளு ஒரு ஸ்டூடியோ மேல கேஸ் போட்டா மத்த ஆறும் கதவைச் சாத்தும். காண்ட்ராக்ட் இல்லாத சுதந்திரத்துக்கு இதுவும் ஒரு வெலை. பையனுக்கு யாரு சோறு போடறது.

பிப்ரவரில திரும்பி வந்தாங்க. கை இன்னும் ஆறல, நரம்பு வெளிய தெரியற மாதிரி இருந்ததால பச்சை பூச முடியல, பச்சைக் கையுறை மாட்டிவிட்டு நடிக்க வச்சாங்க. வந்ததும் அடுத்த ஷாட் என்ன தெரியுமா, தொடப்பத்து மேல உக்காந்து வானத்துல புகையால எழுதற காட்சி. தொடப்பத்துல புகை வர்ற குழாய் பொருத்திருக்கு, போட்டுக்கச் சொல்லிக் குடுத்த டிரஸ் தீப்பிடிக்காத துணி. ஆபத்தே இல்லன்னா எதுக்குய்யா தீப்பிடிக்காத டிரஸ்னு இவங்க கேட்டாங்க. நியாயமான கேள்வி. மாட்டேன்னுட்டாங்க.

மாட்டேன்னு சொன்னதால ஷாட் நின்னுருச்சான்னா இல்ல. டூப் பெட்டி டாங்கோவை ஏத்தினாங்க. அந்தக் குழாய் வெடிச்சுது. டாங்கோ 11 நாள் ஆஸ்பத்திரில, கால்ல கடைசி வரைக்கும் தழும்பு. மிச்சத்தை முடிக்க இன்னொரு டூப்பைக் கூட்டிட்டு வந்தாங்க. இதான் இந்த கேஸ்ல என்னை உறுத்தற எடம். ஹாமில்டன் மாட்டேன்னு சொன்னது நூத்துக்கு நூறு சரி, அந்த உரிமையை ஒரு தீக்காயத்துக்கு வெலையா வாங்கிருக்காங்க. ஆனா ஆபத்து அதனால கொறையல, ஒரு படி கீழ எறங்கி மாட்டேன்னு சொல்ல முடியாத ஆள் மேல போய் உக்காந்துச்சு. ஹாமில்டன் பேரு உலகத்துக்கே தெரியும், டாங்கோ பேரு எத்தனை பேருக்குத் தெரியும்.

இவ்ளோ பட்டு எடுத்ததுலயும் நெறைய வெட்டிட்டாங்க, கொழந்தைங்க ரொம்ப பயப்படுதுங்கன்னு. அதான் 12 நிமிஷம்.

படம் 1939 ஆகஸ்ட்ல ரிலீஸ். பேரு வந்துச்சு, ஆனா செலவு கிட்டத்தட்ட 28 லட்சம் டாலர், மொத ரவுண்டுல ஸ்டூடியோவுக்கு லாபம்னு பெருசா எதுவும் நிக்கல, 1949ல மறுபடி ரிலீஸ் பண்ணினப்பதான் கணக்கு நேராச்சு. சூனியக்காரி வீட்டுக்கு வீடு போனது தியேட்டரால இல்ல, டிவியால. 1956 நவம்பர் 3 சிபிஎஸ் சேனல்ல மொத தடவை போட்டாங்க, 1959லேருந்து வருஷா வருஷம், நம்மூர் தீபாவளி சிறப்புத் திரைப்படம் மாதிரி குடும்பமே உக்காந்து பாக்கற சடங்கு ஆயிருச்சு. ஒவ்வொரு தடவையும் சேனலுக்கு விளம்பரக் காசு, ஸ்டூடியோவுக்கு உரிமைக் காசு. நடிச்சவங்களுக்கு சைபர். நடிகர் சங்கம் 1960ல ஸ்ட்ரைக் பண்ணித்தான் டிவில படம் ஓடினா பங்குன்னு வாங்கினாங்க, அதுவும் அதுக்கு முன்னாடி வந்த பழைய படத்துக்கு பங்கு கிடையாது. ஆக, தலைமுறை தலைமுறையா கொழந்தைங்க தலகாணிக்குப் பின்னாடி ஒளிஞ்சதுக்கு இந்தம்மாவுக்கு வந்த மொத்தக் காசு 1938-39ல வாங்கின வாரச் சம்பளம்தான். மீட்டர் அப்பவே நின்னுருச்சுன்னு சொன்னேன்ல.

ஒட்டிக்கிட்ட மூஞ்சி

ஒரு வேஷம் இப்படி ஒட்டிக்கிட்டா வேற வேலை வராதுன்னு பொதுவா சொல்வாங்க. இங்க பாதிதான் உண்மை. அடுத்த வருஷமே மே வெஸ்ட், டபிள்யூ.சி. ஃபீல்ட்ஸ் கூட ஒரு காமெடில ஊர்வம்பு பேசற அம்மா, 1943ல த ஆக்ஸ்-போ இன்சிடென்ட்ல வீட்டு வேலைக்காரி, வேலை நிக்கவே இல்ல. ஆனா யாரு கூப்பிட்டாலும் ஓரக்கண்ணால அந்தச் சூனியக்காரியைப் பாத்துட்டேதான் கூப்பிட்டாங்க. 1951ல அபட் காஸ்டெல்லோங்கற காமெடி ஜோடியோட படத்துல மலையூர் சூனியக்கிழவி. 1960ல 13 கோஸ்ட்ஸ்ங்கற பேய்ப் படத்துல வீட்டு வேலைக்காரி வேஷம், அதுல ஒரு பொடியன் இவங்களை படம் பூரா சூனியக்காரின்னே கூப்பிடுவான், கடைசி காட்சில கைல தொடப்பத்தை எடுத்துட்டு கேமராவைப் பாத்து ஒரு பார்வை பாப்பாங்க. 1970ல ராபர்ட் ஆல்ட்மன் படத்துல செத்துக் கெடக்கற அம்மா, கால்ல சிவப்புச் செருப்பு. தன் மூஞ்சியை வச்சு அடுத்தவங்க பண்ற ஜோக்குல தானும் கூலி வாங்கிட்டு நடிச்சுட்டுப் போறதுக்கு ஒரு தெளிவு வேணும்.

சினிமாவுல வயசான பொம்பளைங்களுக்கு வேலை கொறைய, டிவி வந்து கை குடுத்துச்சு. 60கள்ல பகல் நேர சீரியல்ல வேலைக்காரி கேரக்டர், 1965ல த ஆடம்ஸ் ஃபேமிலிங்கற காமெடி சீரியல்ல குடும்பத் தலைவி மார்ட்டிஷியாவோட அம்மா. நாடகமும் விடல, 1969ல நியூயார்க் லிங்கன் சென்டர்ல ஓக்லஹோமா நாடகத்துல எல்லர் அத்தை, 70கள்ல ஒரு இசை நாடகத்துக்காக சக்கர நாற்காலில உக்காந்து பாடற கிழவியா ஊர் ஊரா டூர், வயசு எழுபது தாண்டியாச்சு அப்ப.

காசு விஷயத்துல நல்ல காலம்னா காப்பித்தூள் விளம்பரம்தான். 70கள்ல மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பிக்கு கோராங்கற மளிகைக் கடைக்காரம்மா. கடைக்கு வர்றவங்ககிட்ட எங்க கடைல ஒரே காப்பிதான்னு கறாரா சொல்ற கேரக்டர். பல வருஷம் ஓடுச்சு. ஒரு தலைமுறை அமெரிக்கர்களுக்கு இந்தம்மா சூனியக்காரி, அடுத்த தலைமுறைக்கு காப்பி ஆன்ட்டி, ரெண்டும் ஒரே ஆளுன்னு பல பேருக்கு ரொம்ப லேட்டாத்தான் உறைச்சுது. ஒட்டு மூக்கை எடுத்துட்டா அந்த மூஞ்சி நம்பிக்கையான மூஞ்சி. இருபது முப்பது வருஷம் வேலைக்காரியாவும் பக்கத்து வீட்டு அம்மாவாவும் வந்து வந்து பழகின மூஞ்சி ஆச்சே. ஸ்டார் நடிகை சொன்னா விளம்பரம்னு தெரியும், இந்தம்மா சொன்னா கடைக்காரம்மா சொல்ற மாதிரியே இருக்கும்.

இப்ப அந்த கிண்டர்கார்டன் டீச்சர் விஷயம். அது அவங்களை விட்டுப் போகவே இல்ல. 1948லேருந்து 1951 வரைக்கும் பெவர்லி ஹில்ஸ் பள்ளிக்கல்விக் குழுவுல உறுப்பினர், 50கள்ல சர்ச்ல ஞாயித்துக்கிழமை பசங்களுக்குப் பாடம். அப்படிப்பட்ட ஆளைத் தெருவுல பாக்கற கொழந்தைங்க டோரதிகிட்ட ஏன் அவ்ளோ மோசமா நடந்துக்கிட்டீங்கன்னு கேக்கும். அது அவங்களுக்கு நெசமாவே கஷ்டமா இருந்துருக்கு, பல தடவை சொல்லிருக்காங்க. ஆட்டோகிராஃப்ல பேருக்கு மேல மூணு டபிள்யூ போட்டுக் குடுப்பாங்க, விக்கெட் விட்ச் ஆஃப் த வெஸ்ட்க்கு சுருக்கம். இன்னிக்கு பாக்கறவனுக்கு வெப்சைட் அட்ரஸ் மாதிரி இருக்கும்.

1975ல ஃபிரெட் ராஜர்ஸ் நடத்தின சின்னப் பசங்க நிகழ்ச்சிக்குப் போனாங்க. சாதாரண டிரஸ்ல உள்ள வந்து உக்காந்து, அது வெறும் வேஷம்தான், நானும் உங்க வீட்டு ஆளுங்க மாதிரிதான்னு பேசிட்டு, கேமரா முன்னாடியே ஒண்ணொண்ணா சூனியக்காரி உடுப்பை எடுத்துப் போட்டுக் காட்டினாங்க, பாவாடை, மேல்சட்டை, போர்வை, தொப்பி. ராஜர்ஸ் கூட நின்னு மாட்டி விடறார். தொப்பி வச்சு முடிச்சதும் அந்தச் சிரிப்பு. இந்தக் கிளிப்பைப் பாத்தா இவங்க நடிகையா இல்ல டீச்சரான்னு சொல்லவே முடியாது. பயத்தைப் போக்க பயத்தோட தையலைப் பிரிச்சுக் காட்டற வேலை அது. மேக்கப் மட்டும் போடல. பச்சை இல்லாத சூனியக்காரி. 37 வருஷத்துக்கு முன்னாடி அந்த பச்சை என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்ச நமக்கு அது வேற மாதிரி தெரியுது.

அடுத்த வருஷம் 1976 பிப்ரவரி 10, செசமி ஸ்ட்ரீட்ங்கற இன்னொரு சின்னப் பசங்க நிகழ்ச்சியோட 847ஆவது எபிசோட். இந்தத் தடவை முழு மேக்கப், முழு வேஷம். கதை ரொம்பச் சின்னது: தெருவுக்கு மேல பறந்துட்டுப் போற சூனியக்காரியோட தொடப்பம் கீழ விழுந்துருது, டேவிட்ங்கறவர் எடுத்து வச்சுக்கிட்டு, மரியாதையா கேட்டாத்தான் தருவேங்கறார். பயத்தை எப்படி சமாளிக்கறதுன்னு பசங்களுக்குக் காட்டணும்ங்கறது நோக்கம். ஒளிபரப்பினதும் பெத்தவங்க கடுதாசி குமிஞ்சுது, புள்ளைங்க டிவியைப் பாத்தாலே அழுதுன்னு. அந்த எபிசோடை அதுக்கப்புறம் போடவே இல்ல. பாவம், ராஜர்ஸ் நிகழ்ச்சில பலிச்சது இங்க பலிக்கல, ஏன்னா அங்க உடுப்பு போடறதைப் பசங்க பாத்தாங்க, இங்க போட்டு முடிச்ச ஆளுதான் வந்து நின்னா.

கடைசி சில வருஷம் ஞாபகம் மங்கற நோய். 1985 மே 16, கனெக்டிகட்ல சாலிஸ்பரிங்கற ஊர்ல தூக்கத்துலயே மாரடைப்பு, வயசு 82.

அந்த 847ஆவது எபிசோட் 46 வருஷம் பொட்டிக்குள்ளயே கெடந்துட்டு 2022 ஜூன்ல யாரோ இணையத்துல ஏத்திவிட்டுட்டாங்க. நான் அக்கா பையனைப் பக்கத்துல உக்கார வச்சுப் போட்டுக் காட்டினேன், ஆறு வயசு, அழுதா நிறுத்திடலாம்னு கையை மவுஸ் மேலயே வச்சிருந்தேன். அவன் பயப்படல. டேவிட்கிட்ட அந்தம்மா கெஞ்சறதையும் கத்தறதையும் வேஷம் மாத்தி வந்து ஏமாத்தப் பாக்கறதையும் பொறுமையா பாத்துட்டு கடைசில கேட்டான், மாமா, அந்த தொடப்பம் என்ன வெலை?